மின்னலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

தலையில் பசை தடவி, சின்னச் சின்ன உலோகத் தட்டுகளை ஒட்டி முடித்ததும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கும் டெக்னீஷியன் சொல்வார்: "கண்ணை மூடிக்கோங்க." சில நொடிகளில், பின்மண்டையிலிருந்து வரும் கோடுகளில் சீரான அலைகள் எழும்பும். நொடிக்கு ஏறக்குறைய பத்து. "இப்போ திறங்க" என்றதும் அவை அடங்கிவிடும். இதுதான் ஆல்ஃபா அலை. அதன் உயரம் 50 மைக்ரோவோல்ட் அளவுதான். ஒரு பென்சில் பேட்டரியின் மின்னழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு.

ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். உண்மைதானா என்று தாமே சந்தேகப்பட்டு, 1929 வரை வெளியிடவில்லை. கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன் 1934-இல் தன் தலையிலேயே சோதித்துக் காட்டிய பிறகே மற்றவர்கள் நம்பினார்கள்.

பூமிக்கும் இப்படி ஒரு துடிப்பு உண்டு. உலகெங்கும் நொடிக்கு நாற்பதுக்கு மேல் மின்னல்கள் வெட்டுகின்றன. அவை கிளப்பும் மின்காந்த அலைகளில் மிக நீளமானவை, தரைக்கும் மேலே உள்ள அயனி மண்டலத்துக்கும் இடையே சிக்கி உலகைச் சுற்றுகின்றன. ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆக, நொடிக்கு ஏழெட்டுச் சுற்று. மியூனிக்கின் வின்ஃபிரீட் ஷூமான் 1952-இல் கணித்த இந்த ஒத்ததிர்வு, அளந்து பார்த்தபோது 7.83 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது.

ஆல்ஃபா அலையின் எல்லை 8 முதல் 13 ஹெர்ட்ஸ். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா? அதை வைத்துத்தான் 'பூமியோடு மூளையை இணைக்கும்' கருவிகளும் தியான ஒலிகளும் விற்பனைக்கு வருகின்றன.

இந்த எண் பொருத்தம் தற்செயலானது என்பதே என் முடிவு. பூமியின் துடிப்பு எல்லோருக்கும் ஒன்று. மூளையின் துடிப்பு அப்படியில்லை. சில மாதக் குழந்தைக்கு அது நொடிக்கு மூன்று நான்குதான். வளர வளர ஏறிப் பத்தை எட்டுகிறது, முதுமையில் மறுபடி சற்றுக் குறைகிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று ஆட்டுவித்தால் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே எண் வர வேண்டும். தாலமஸும் பெருமூளைப் புறணியும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைகளில் பிறக்கும் தாளம் இது. மேலும், ஷூமான் அலையின் காந்தப்புலம் ஒரு பிக்கோடெஸ்லா அளவே; நம் வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் புலம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. 7.83 ஹெர்ட்ஸ் 'இசை' என்பதும் பொருந்தாது. ஷூமான் அலை ஒலியே அல்ல. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதும் சரியாகக் கேட்காது.

இயற்கையின் தாளம் மூளையைத் தொடவே இல்லையா என்றால், தொடுகிறது. மின்னல் வழியாக அல்ல, பகல் வெளிச்சத்தின் வழியாக. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது; வெளிச்சம் அதைச் சரிசெய்கிறது. 1729-லேயே பிரான்சில் டி மெய்ரான், இருட்டில் வைத்த தொட்டாற்சிணுங்கி வகைச் செடியும் நேரம் தவறாமல் இலை விரிப்பதைக் கண்டார். 1960-களில் ஜெர்மனியின் ஆண்டெக்ஸில் யூர்கன் ஆஷாஃப், கடிகாரமோ சூரியனோ தெரியாத நிலவறையில் மனிதர்களைத் தங்கவைத்தார். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் எம்.கே. சந்திரசேகரன் இத்தகைய ஆய்வறை அமைத்தார். வெளியுலகம் தெரியாதபோதும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஆனால் பெரும்பாலோருக்கு ஒரு 'நாள்' 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியது.

கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள்தான் இந்தக் கடிகாரம். தினமும் கொஞ்சம் பிந்தும் அதைக் காலை வெளிச்சம் திருத்துகிறது. நள்ளிரவில் கண்ணுக்கு நேரே ஒளிரும் செல்போன் திரை மேலும் பிந்த வைக்கிறது.

தூக்கம் பிடிக்கவில்லை என்று அதிர்வெண் கருவி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். காலையில் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நடங்கள். இரவில் விளக்கையும் போனையும் சீக்கிரம் அணையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.