எண்பது டிகிரிக்குப் போகாத கப்பல்

புக்கிட் பாத்தோக்கில் உள்ள எங்கள் வீவக வீட்டின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒன்பது மாதங்களாக ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் அது. அதன் மேல்முனையில், வடக்கு 80 டிகிரி கோட்டின்மேல், அப்பா சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார். அங்கிருந்து வடதுருவம் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர்தான்.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் பற்றவைப்பு வேலை பார்த்தவர் அப்பா. எத்தனையோ கப்பல்களின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறார். பயணியாக ஒன்றில்கூட ஏறியதில்லை. அவருடைய 70வது பிறந்தநாளுக்காக மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்து, ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தேன். அம்மாவின் முழங்கால் வலிக்காக இருவரும் தினமும் மாலையில் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவின் படிகளில் ஏறி இறங்கிப் பழகினார்கள்.

எல்லாவற்றையும் சரியாகத் திட்டமிட்டதாகத்தான் நினைத்தேன், ஒன்றைத் தவிர. கப்பல் புறப்படும் நாளன்றே லாங்யர்பியன் போய்ச்சேரும்படி விமானச்சீட்டு எடுத்திருந்தேன். ஒரு நாள் விடுப்பும் ஓர் இரவு ஹோட்டல் செலவும் மிச்சம் என்பது என் கணக்கு.

முதல் மாற்றம்: மூடுபனி

ஓஸ்லோவிலிருந்து டிரோம்சோ வரை தடங்கல் இல்லை. அங்கே அறிவிப்புப் பலகையில் எங்கள் விமானத்துக்கு எதிரே முதலில் 'தாமதம்' என்று வந்தது, பிறகு 'ரத்து'. லாங்யர்பியன் விமான நிலையத்தை மூடுபனி மறைத்துவிட்டது. மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்த நிலையத்தில் இது அடிக்கடி நடப்பதுதானாம். கோடையிலும் அப்படித்தான் என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

எனக்குக் கை நடுங்கியது. கப்பல் அன்று மாலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். தவறவிட்டால் மூவருக்கும் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணாக அழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என் தப்புதான்ப்பா, ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கணும்" என்றேன்.

அப்பா என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக் கீழே வைத்தார். "கப்பல் என்னைக்கும்மா சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? நாங்க வேலையை முடிச்சுக் கொடுத்த பிறகும் ரெண்டு நாள் காத்தடிச்சா அப்படியேதான் நிக்கும். போய் டீ வாங்கிட்டு வா."

இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தது. பயணிகளில் பாதிப்பேர் எங்களோடு சிக்கியிருந்ததால், கப்பல் மறுநாள் மதியம்வரை காத்திருக்கும். எங்களுக்கு அடித்தது அதிர்ஷ்டம். நாங்கள் மூவர் மட்டும் அந்த விமானத்தில் இருந்திருந்தால் கப்பல் போயிருக்கும்.

இரண்டாவது: பெட்டி வரவில்லை

மறுநாள் லாங்யர்பியனில் இறங்கினோம். ஜூலை மாதத்திலும் வெயில் ஐந்தாறு டிகிரியைத் தாண்டவில்லை. என் பெட்டி வந்தது, அப்பாவின் பெட்டி வந்தது, அம்மாவின் பெட்டி வரவில்லை. முஸ்தபாவில் பார்த்துப் பார்த்து வாங்கிய கம்பளி உடைகள், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நல்லவேளையாக ரத்த அழுத்த மாத்திரைகளை அம்மா கைப்பையில் வைத்திருந்தார்.

மூன்றாவது மாற்றம் துறைமுகத்தில் காத்திருந்தது. கப்பல் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு கப்பல் நின்றது. எங்கள் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்ததால், 'சோடியாக்' எனப்படும் ரப்பர் படகில்தான் போக வேண்டும் என்றார்கள். தண்ணீரைக் கண்டாலே அம்மாவுக்குப் பயம். ஊழியர் ஒருவர் 'மாலுமிப் பிடி'யைக் கற்றுக்கொடுத்தார். உள்ளங்கையைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் இறுகப் பற்றும் முறை அது. ஈரத்தில் கை வழுக்கினாலும் பிடி விடாது. இரவல் ரப்பர் காலணியும் அப்பாவின் கம்பளிச் சட்டையுமாக, கண்ணை மூடிக்கொண்டு ஏறினார் அம்மா. கப்பலில் கால் வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

நான்காவது: சிவப்பு நிறம்

அன்று இரவு கேப்டன் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். திரையில் நார்வே வானிலை ஆய்வுக் கழகத்தின் பனிக்கட்டி வரைபடம். நீலம் என்றால் திறந்த கடல், சிவப்பு என்றால் நெருக்கமாக மிதக்கும் பனிக்கட்டி. தீவுகளின் வடகரை முழுவதும் சிவப்பாக இருந்தது. காற்று வடக்கிலிருந்து வீசி, பனிக்கட்டியைக் கரையோடு தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நாளை ஏற்கெனவே இழந்துவிட்டோம். அதனால் வடக்குப் பயணம் இல்லை. தெற்கே 77 டிகிரியில் இருக்கும் ஹார்ன்சுண்டுக்குப் போகிறோம் என்றார்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. 80 டிகிரி என்றுதானே விளம்பரம் செய்தீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டார். நானும் கேட்கத்தான் நினைத்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஐஸ் கீறின தகட்டை நான் மாத்தியிருக்கேன். இந்த ஆளு சொல்றது சரி" என்றார். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

ஆர்க்டிக்கில் உதவி வர எவ்வளவு நாளாகும் என்பதற்கு 2023ல் நடந்தது ஓர் உதாரணம். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் தேதி 'ஓஷன் எக்ஸ்புளோரர்' என்ற சொகுசுக் கப்பல் கிழக்கு கிரீன்லாந்தின் அல்பெஃபியோர்டில் தரைதட்டியது. அதில் 206 பேர் இருந்தார்கள். கப்பலை இழுத்து மீட்க மூன்று நாள் ஆனது. யாருக்கும் ஆபத்தில்லை என்பதே பெரிய ஆறுதல்.

ஹார்ன்சுண்டில் பனியாற்றுச் சுவர்கள் கடலில் வந்து முடிகின்றன. அவ்வப்போது ஒரு துண்டு உடைந்து விழும். ஓசை காதுக்கு வந்து சேர்வதற்குள் துண்டு தண்ணீருக்குள் மறைந்துவிடும். மூன்றாம் நாள் அதிகாலை ஒலிபெருக்கி எங்களை எழுப்பியது. கரையோரம் ஒரு பனிக்கரடி, குட்டியுடன். கப்பல் தூரத்திலேயே நின்றது. 2025ஆம் ஆண்டு முதல் அங்கே சட்டம் கடுமையாகிவிட்டது. மார்ச் முதல் ஜூன் வரை கரடிக்கு 500 மீட்டருக்குள்ளும், மற்ற மாதங்களில் 300 மீட்டருக்குள்ளும் நெருங்கக் கூடாது. தொலைநோக்கியில் வெளிர்மஞ்சள் புள்ளியாகத்தான் தெரிந்தன. அம்மா அரைமணி நேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை. அப்பாவுக்கு அன்றுதான் 70 வயது நிறைந்தது.

நீங்கள் போவதாக இருந்தால்

கப்பல் புறப்படும் ஊருக்கு ஒரு நாளாவது முன்னதாகப் போய்விடுங்கள். நான் மிச்சம் பிடித்த ஓர் இரவு வாடகை, டிரோம்சோவில் இரண்டு மடங்காகப் போனது.

மருந்துகளும் ஒரு செட் கம்பளி உடையும் கைப்பையில் இருக்கட்டும்.

குடும்பத்தில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசாவைக் கவனியுங்கள். ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கன் வட்டாரத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்த் திரும்புவது மறுநுழைவாகக் கணக்கிடப்படும். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் இழப்பீடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் ஒப்பந்தத்தில் பாதை மாறலாம் என்ற வரி நிச்சயம் இருக்கும். பணம் கட்டும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். நான் டிரோம்சோவில் உட்கார்ந்துதான் படித்தேன்.

அம்மாவின் பெட்டி நாங்கள் வீடு திரும்பி நான்கு நாள் கழித்து வந்தது. கம்பளி உடைகளில் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை. அன்று இரவு சூடான சோற்றில் நெய்விட்டு, அந்தப் பருப்புப் பொடியைப் போட்டு மூவரும் சாப்பிட்டோம். வரைபடம் இன்னும் குளிர்பதனப் பெட்டிக் கதவில்தான் இருக்கிறது. சிவப்பு வட்டத்தை அப்பா அழிக்கவில்லை.