வளையும் வெளிச்சத்துக்கு என்ன விலை?

ஸ்போர்ட்ஸ் கார்களில் கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் ‘தகவமையும்’ விளக்குகள் தேவைதானா? தங்கவயலின் இருட்டுச் சாலைகளில் ஒரு விசாரணை.

கோலார் தங்கவயலிலிருந்து வெங்கடகிரிகோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்குப் போகும் சாலை மூன்று மாநிலங்களைத் தொடுகிறது. வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் சொந்தபந்தம் உள்ள தங்கவயல் தமிழர்களுக்கு இது கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வந்து பழகிய வழி. பகலில் பிரச்சினை இல்லை. இரவில், பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கும்போதுதான் ஹெட்லைட்டின் போதாமை உறைக்கிறது. சாலை இடப்புறம் வளைகிறது. வெளிச்சமோ நேரே போய்ப் பள்ளத்தின் மேலுள்ள மரங்களில் விழுகிறது. பார்க்க வேண்டிய இடம் இருட்டு. பார்க்க வேண்டாத இடம் பளிச். அந்த ஓரிரு விநாடி இருட்டைப் போக்குவதாகச் சொல்லித்தான் கார் நிறுவனங்கள் சாலையோடு சேர்ந்து திரும்பும் விளக்குகளை விற்கின்றன.

தங்கவயலுக்கு இந்த யோசனை புதிதல்ல. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கி.மீ. தூரம் கம்பிகளில் பயணம் செய்து 1902இல் இங்கே வந்து சேர்ந்தது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். ஆனால் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஒரு தொழிலாளிக்கு உண்மையில் வழிகாட்டியது தலையில் மாட்டிய விளக்கு. இடுப்பில் பேட்டரி, ஹெல்மெட்டில் விளக்கு. கழுத்து திரும்பினால் வெளிச்சமும் திரும்பும். எதிரே சக தொழிலாளி வந்தால் அவர் கண்ணில் படாமல் தலையைச் சற்றே திருப்பிக்கொள்வது சுரங்கத்து மரியாதை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. பார்க்கும் திசையில் வெளிச்சம், எதிரே வருபவருக்குக் கூசாத வெளிச்சம் என்ற அந்த இரண்டு தேவைகளும் இப்போது காரின் விலைப்பட்டியலில் ஏறியிருக்கின்றன.

கார்களிலும் இது நேற்றுப் பிறந்த எண்ணமல்ல. அமெரிக்காவில் 1948இல் வந்த டக்கர் காரில் நடுவில் மூன்றாவதாக ஒரு விளக்கு இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் திரும்பும். மொத்தம் 51 கார்களோடு அந்தக் கதை முடிந்தது. 1967இல் பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். காரில் திரும்பும் விளக்குகள் வந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரும் சின்ன மோட்டார்களும் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டன.

இந்த விளக்குகள் பற்றிய விளம்பரக் குறிப்பொன்றைத் தமிழாக்க உட்கார்ந்தபோது இக்கட்டுரையாளருக்கு ஏற்பட்ட சிக்கல், சொல் கிடைக்காதது மட்டுமல்ல. ‘அடாப்டிவ்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. முதலாவது, ஸ்டியரிங் திரும்பும் பக்கம் திரும்பும் விளக்கு. இரண்டாவது, மெதுவாகத் திரும்பும்போது மட்டும் பக்கவாட்டில் எரியும் தனி விளக்கு. மூன்றாவதுதான் விலை அதிகமானது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா எதிர்வரும் வண்டியைக் கண்டுபிடிக்கும். ஹைபீமில் பல துண்டுகளாக உள்ள எல்.ஈ.டி.களில் அந்த வண்டியின் மேல் படுபவற்றை மட்டும் அணைக்கும். மற்ற இடமெல்லாம் பிரகாசமாகவே இருக்கும். ஐரோப்பாவில் 2013இலேயே ஆடி ஏ8 காரில் இது வந்துவிட்டது. அமெரிக்கா தன் விதிகளைத் திருத்தி அனுமதித்தது 2022இல்தான்.

காசு கொடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். நல்ல சாலையில், நல்ல பிரேக்கில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. வேகம் நூறானால் ஏறக்குறைய 97 மீட்டர். டிம் வெளிச்சம் பயன்படும் தூரமோ பெரும்பாலும் 50லிருந்து 70 மீட்டர் வரைதான். ஆக, டிம்மில் நூறில் போகிறவர் தான் பார்க்காத இடத்துக்குள் வண்டியை விட்டுக்கொண்டிருக்கிறார்.

வளைவில் கணக்கு இன்னும் இறுகுகிறது. திரும்பும் விளக்குகள் சுமார் 15 பாகை வரை திரும்பும். நூறு மீட்டர் ஆரமுள்ள அகலமான வளைவில் 45 மீட்டர் முன்னால் உள்ள சாலையைக் காட்ட 13 பாகை போதும். அங்கே இந்த விளக்கு தன் விலைக்கு வேலை செய்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் 15 மீட்டர் முன்னால் பார்க்கவே 30 பாகை வரை வேண்டும். அங்கே திரும்பும் விளக்கை விட, எளிய பக்கவாட்டு விளக்கே அதிகம் உதவும். தவிர, சுரங்கத் தொழிலாளியின் விளக்கு அவர் பார்வையோடு திரும்பியது. காரின் விளக்கு கையோடு திரும்புகிறது. வளைவு வருமுன்பே கண் அங்கே போய்விடும். ஸ்டியரிங் பிறகுதான் போகும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? திரும்பும் விளக்குள்ள கார்கள் பிறர் சொத்துக்கு ஏற்படுத்திய சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் கோரிக்கைகள் 10 சதவீதம் வரை குறைந்ததாக அமெரிக்காவில் 2012இல் வெளியான கணக்கு காட்டியது. உற்சாகம் தரும் எண்தான். ஆனால் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனம் 2016இல் 31 நடுத்தர அளவு கார்களின் விளக்குகளைச் சோதித்தபோது ‘நன்று’ என்று தேறியது ஒன்றே ஒன்று. விலை உயர்ந்த கார்களும் சறுக்கின. அதே நிறுவனம் 2021இல் சொன்னது: ‘மோசம்’ என்று மதிப்பிட்ட விளக்குகளை விட ‘நன்று’ என்று மதிப்பிட்ட விளக்குகள் கொண்ட வண்டிகளில், இரவில் தனி வண்டி சிக்கும் விபத்துகள் 19 சதவீதம் குறைவு, பாதசாரிகள் மீது மோதுவது 23 சதவீதம் குறைவு. அந்த மதிப்பீடு விளக்கு திரும்புகிறதா என்பதற்கு அல்ல. நேர்ச்சாலையிலும் வளைவிலும் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது, எதிரே வருபவருக்கு எவ்வளவு கூசுகிறது என்பதற்குத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. தாழ்ந்த வண்டி, விளக்கும் தாழ்ந்தே இருக்கும். உயரம் குறையக் குறைய டிம் வெளிச்சம் எட்டும் தூரமும் குறையும். ஆனால் வாங்குவதே வளைவுகளில் வேகமாகப் போகத்தான். அதனால் குடும்பக் காரை விட இதற்கு நல்ல விளக்கின் தேவை அதிகம். மறுபக்கம், நம் சாலையின் கல்லும் வேகத்தடையும் முதலில் பதம்பார்ப்பது இந்தத் தாழ்ந்த மூக்கைத்தான். இவ்வகை விளக்கு உடைந்தால் பல்பு மாற்றி ஒப்பேற்ற முடியாது. பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். அதன் விலையையும், இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஏற்கும் என்பதையும் காரை வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தங்கவயலுக்குப் பக்கத்தில், பேத்தமங்கலா அருகே போகும் பெங்களூர்-சென்னை விரைவுச்சாலை வேறொரு பாடம் சொல்கிறது. 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்த இந்தச் சாலையின் கர்நாடகப் பகுதி 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே வளைவுகள் மிக அகலமானவை. திரும்பும் விளக்குக்கு வேலை குறைவு. எதிர்வண்டியை மட்டும் மறைக்கும் ஹைபீம்தான் உதவும். அதற்கும் எல்லை உண்டு. கேமரா தேடுவது வெளிச்சத்தை. விளக்கில்லாத டிராக்டரையும் நடந்துபோகும் கிழவியையும் அது வண்டியாக எண்ணி மறைக்காது. அவர்கள் நமக்கு நன்றாகத் தெரிவார்கள். ஆனால் அவர்கள் கண் கூசும்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. எதிரே ஹைபீமில் வரும் லாரியிடமிருந்து இந்த விளக்கு உங்களைக் காப்பாற்றாது. உங்களிடமிருந்துதான் அது லாரிக்காரரைக் காப்பாற்றும். காசு உங்களுடையது; காப்பாற்றப்படும் கண் இன்னொருவருடையது. அவர் கண் தெரிந்து ஓட்டினால்தான் நீங்களும் வீடு போய்ச் சேர முடியும் என்பதால் அது வீண் செலவும் அல்ல.

ஆகவே, கொடுக்கலாமா? மலைச்சாலையில் அடிக்கடி இரவுப் பயணம் உண்டு என்றால், கொடுக்கலாம். திரும்பும் விளக்கா, கூசாத ஹைபீமா என்றால் இரண்டாவதற்கு. ஊருக்குள்ளும் பகலிலும் ஓட்டுபவருக்கு, அடிப்படை விளக்கு நன்றாக இருந்தால் அதுவே போதும். அடிப்படை விளக்கே மங்கலாக இருக்கும் காரில் அதைத் திருப்புவதற்காகப் பணம் கொடுப்பது வீண். இருட்டிய பின் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஷோரூம் வாசலில் எல்லா விளக்கும் அழகாகத்தான் எரியும்.

இதற்கெல்லாம் வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. வளைவில் வேகத்தைக் குறைப்பதும் எதிரே வண்டி கண்டதும் டிம் போடுவதும் எல்லா வண்டியிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. சுரங்கத்தில் சக தொழிலாளிக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டவர்கள் அதற்கென்று கூடுதல் பணம் எதுவும் கட்டவில்லை.