மேடைக்கு முன் ஒரு தணிக்கை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கிராமங்களில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரிந்திருக்கும். ராஜாவையும் மந்திரியையும் கேலி செய்வான். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். பார்வையாளர் எதிர்க்கேள்வி கேட்டால் அதற்கும் பதில் சொல்வான். பார்ப்பவரையும் பங்கேற்பாளராக்கும் கலை நமக்குப் புதிதன்று.

அந்த மரபை நாடக மேடையில் ஓர் ஆயுதமாக்கியவர் எம்.ஆர்.ராதா. பெரம்பலூரும் அரியலூரும் உள்ளடங்கியிருந்த அன்றைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டம், அவர் பிற்காலத்தில் வாழ்ந்து, 1979-இல் மறைந்த மண். 'தூக்குமேடை', 'ரத்தக்கண்ணீர்' போன்ற நாடகங்களில் மூடநம்பிக்கையையும் சாதி இறுமாப்பையும் அவர் சாடினார். அன்றைய செய்தி அன்றிரவே அவரது வசனமாகும். கூட்டத்தில் ஒருவர் கூச்சலிட்டால், கதையை நிறுத்திவிட்டு அவருக்கு விடையளிப்பார். அதனால் ஒரே நாடகம் ஊருக்கு ஊர் மாறியது.

அவரது ராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் சென்னை மாகாண அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1876-இல் ஆங்கிலேய ஆட்சி இயற்றிய சட்டத்தின் வாரிசு அது. ஆட்சேபகரமானது என்று கருதப்படும் நாடகத்தைத் தடை செய்யவும், நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறவும் அதிகாரிகளுக்கு அது வழிவகுத்தது.

இங்குதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. பார்வையாளரோடு பேசியபடி அந்தக் கணத்தில் உருவாகும் வசனத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எப்படி? பிரதியைக் கேட்பது அத்தகைய கலையின் உயிரையே கேட்பதாகும். மேடையில் எழும் கேள்விக்கு மேடையிலேயே பதில் சொல்ல வேண்டிய சமூகம், அந்தப் பொறுப்பைக் காவல் நிலையத்திடம் ஒப்படைத்துவிட்டது.

பத்திரிகையாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடர்ந்த வழக்கில், அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின!

ஆனால், சட்டம் போனாலும் மனப்போக்கு போய்விடவில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சு', எழுத்தாளர் பெருமாள்முருகனைப் பேனாவையே கீழே வைக்கச் செய்தது. மறு ஆண்டு ஜூலையில் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்பதே அதன் சாரம். மனம் புண்படுவோர் தம் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று ராதா அறிவித்து வந்ததும் அதையேதான்.

வன்முறைக்குத் தூண்டும் பேச்சைத் தண்டிக்கச் சட்டங்கள் உள்ளன, அவை தேவையும்கூட. மனம் புண்படுவது வேறு. கேலியைத் தாங்கும் நம்பிக்கையே உறுதியான நம்பிக்கை. விடிய விடியக் கட்டியங்காரனின் நையாண்டியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, காலையில் அதே கோயிலில் கைகூப்பி நின்ற நம் கிராமத்து மனிதர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆட்சியாளர்களும் அதை அறிந்துகொள்ள வேண்டும்.