விடை சரி, நேரம்தான் போதவில்லை: பைத்தன் போட்டிகளில் மாணவர்கள் தடுமாறும் இடம்

இணையவழி நிரல் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவர்கள் பலரைச் சோர்வடைய வைக்கும் பதில், ‘நேர வரம்பு கடந்துவிட்டது’ என்பது. நிரல் தரும் விடை சரியாக இருக்கலாம். அது வந்து சேரத்தான் தாமதமாகிறது. உடனே வீட்டில் வேகமான மடிக்கணினி வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. பெற்றோர் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான போட்டித் தளங்களில், பிள்ளை அனுப்பும் நிரல் தளத்தின் கணினியில்தான் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துப் புதியது வாங்கினாலும் அந்தப் பதில் மாறாது.

அடிக்கடி வரும் கணக்கு ஒன்று: 100,000 எண்கள் உள்ளன, எந்த இரண்டைக் கூட்டினால் 5,000 வரும்? ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்ப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகளைச் சோதிக்க நேரிடும். பைத்தனுக்கு அது நிமிடக் கணக்கில் எடுக்கும் வேலை. போட்டியில் கிடைப்பதோ பெரும்பாலும் சில வினாடிகள்.

கேள்வியைத் திருப்பிப் போடலாம். 1,800 என்ற எண் வந்தால் அதற்குத் துணை 3,200. அது ஏற்கெனவே வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆனால், வந்த எண்களை எதில் சேர்த்து வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘லிஸ்ட்’டில் வைத்தால், பைத்தன் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். லயத்தில் கதவு கதவாகத் தட்டி ஆளைத் தேடுவதுபோல. எழுதுவது ஒரே வரிதான், உள்ளே ஓடுவது பழைய 500 கோடி வேலைதான். ‘செட்’டில் வைத்தால், அந்த எண்ணைக் கொண்டே அது இருக்கும் இடம் கணக்கிடப்படும், வீட்டு எண் தெரிந்த தபால்காரர் நேரே போவதுபோல. மொத்தம் 100,000 தேடல்களில் வேலை முடிந்துவிடும், ஒரு வினாடிகூட ஆகாது. நினைவகம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால், ஊகித்துத் திருத்த வேண்டாம். பைத்தனுடன் இலவசமாகவே வரும் ‘சி-புரொஃபைல்’ கருவி, எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும். லட்சக்கணக்கான வரிகளை ‘இன்புட்’ மூலம் ஒவ்வொன்றாக வாசிப்பதும் நேரத்தைத் தின்னும்; ‘சிஸ்.எஸ்டிடிஇன்’ வழியாக மொத்தமாக வாசிப்பது வேகமானது.