சிறு வண்டியும் சிறு முதலும்

தமிழ்ப் பண்டிதனொருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது, தச்சனொருவன் நன்னூலுக்கு உரைகாணப் புகுந்தது போலும் என்று சிலர் நகைத்தல் கூடும். நகைப்பவர் நகைக்க. பிறர் ஓட்டிய பழைய வண்டியொன்றை வாங்கப் புகுவோன் செய்யும் வேலைக்கும், ஏட்டுச் சுவடியொன்றைப் பரிசோதிப்போன் செய்யும் வேலைக்கும் வேற்றுமை மிகவில்லை. முன்னிருந்தோர் கைபட்ட இடங்களை இரண்டிலும் அறிதல் வேண்டும். மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று தெளிதல் வேண்டும். விற்பவன் சொல்லும் பாயிரத்தை மட்டும் நம்பி விலைபேசுதல் இரண்டிலும் ஆகாது.

இதனை எழுதத் தூண்டியவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். பள்ளிமுனையிற் கடற்றொழில் செய்யும் குடும்பத்திற் பிறந்து, பட்டம் பெற்று, இப்போது அரச அலுவலில் இருக்கின்றார். ஒன்பதாண்டுச் சேமிப்பும், அன்னையார் மனமுவந்து கழற்றிக் கொடுத்த நகையின் பெறுமதியும் சேர்ந்தது அவரது முதல். அன்னையார் மாதமொருமுறை யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவர். ஆதலின் வண்டி தேவையே. அத்தேவையின் அருகே ஓர் ஆசையும் நிற்கின்றது. வெறுமனே ஊர்ந்து செல்லும் வண்டி அவருக்கு வேண்டாம்; சிறியதாய், சொன்னவுடன் பாய்வதாய், வளைவிலே கைக்கு அடங்குவதாய் ஒன்று வேண்டும். "சேர், நீங்கள் சொல்லுங்கள்" என்று மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதி நீட்டினார்: டொயோட்டா ஸ்டார்லெட், ஹொண்டா சிவிக், சுசுகி சுவிப்ட். இளைஞருக்கு விரைவின்மேல் விருப்பமிருத்தல் குற்றமன்று. அவ்விருப்பத்துக்கு அன்னையின் நகை ஈடாதலின், ஆராய்ந்து சொல்லவேண்டியது என் கடனாயிற்று.

புதியது வாங்கினால் என்னவென்று வினவுவார்க்கு ஒரு சொல். 2020 மார்ச்சு மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்திற்று. தனியார் பாவனைக்கான வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியிலேதான். தடை நீங்கிற்று, வரி நீங்கவில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் புதுவரவு இல்லாமையால், பிற நாடுகளில் வயதேற விலை இறங்கும் பொருள், நம் நாட்டில் வயதேற விலையும் ஏறிற்று. இருபத்தைந்தாண்டு கடந்த வண்டிக்கும் அதன் உரிமையாளர் குலதெய்வத்துக்குரிய மதிப்பைக் கேட்கின்றார்.

விலை குறைந்த சிறு வண்டியும் விரைவிற் சிறக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் அவர் கைவண்ணமே. என் தந்தையாரிடம் அவ்வண்டியொன்று இருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் பழக்கம் எனக்கு அதனால் வந்தது. 1956இற் சூயஸ் நெருக்கடியாற் பெற்றோல் அருகியபோது சிக்கனமான வண்டி வேண்டப்பட, 1959இல் அவரே மினியைப் படைத்தார். எஞ்சினைக் குறுக்காகக் கிடத்தினார். முன்சில்லுகளே இழுக்குமாறு அமைத்தார். சில்லுகளை நான்கு மூலைகளுக்கும் ஒதுக்கினார். இடம் மிச்சப்படச் செய்த வேலை அது. வளைவுகளில் வண்டி நிலத்தைத் தழுவி ஓடியமை அதனால் வந்த மேலூதியம். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோப் போட்டியிற் பெருவண்டிகளை மினி கூப்பர் வென்றது. 1966இலும் முந்தி வந்தது. முகப்பு விளக்குகள் விதிக்கு மாறானவை என்று விலக்கிவிட்டனர். யப்பானியரும் அவ்வழியிற் பின்தங்கவில்லை. கென்யாவில் வாழ்ந்த ஜோகிந்தர் சிங் என்னும் சீக்கியர், மிட்சுபிசி லான்சரில் 1974இலும் 1976இலும் கிழக்காபிரிக்க சஃபாரிப் போட்டியை வென்றார். நம் நாட்டில் நுவரெலியா மகாகஸ்தோட்டையின் மலையேற்றப் போட்டிக்கும் நெடிய வரலாறு உண்டு. ஆதலின் மாணாக்கரின் ஆசைக்குக் குலமும் கோத்திரமும் நன்றாகவே உள்ளன.

இனி மூன்று பெயர்களுக்கு வருவோம். ஸ்டார்லெட்டை விரைவிற் சொல்லி முடித்துவிடலாம். அதன் டர்போ வகை, 1331 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் 135 பரிவலு தந்தது. மிக இலேசான உடம்பு. ஆதலின் கவண்கல் போலப் பாயும். ஆனால் 1999உடன் ஸ்டார்லெட் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்று சந்தையிலுள்ளவற்றிற் பெரும்பாலானவை பல இளைஞர் கைமாறி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு 'திருத்தம்' செய்தவை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியிருப்பர்; 95 ஒக்டேன் வேண்டிய எஞ்சினுக்கு 92ஐ வார்த்திருப்பர். சிதைந்த பிரதி, விலையோ அரும்பிரதியின் விலை.

சிவிக் அவ்வாறு தள்ளத்தக்கதன்று. 1989இல் ஹொண்டா வெளியிட்ட வீ-டெக் எஞ்சின், 1595 கன சென்ரிமீற்றரில், டர்போ இன்றியே, 160 பரிவலு தந்தது. எவ்வாறு? வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டில் இருவகை மேடுகள் உள்ளன. மெல்லோட்டத்திற்கு ஒன்று; எஞ்சின் சுழற்சி ஐயாயிரத்தைக் கடந்து ஏறுங்கால் எண்ணெய் அழுத்தத்தால் மற்றையது தொழிற்பட, வால்வுகள் மிகவுந் திறந்து காற்றை விழுங்கும். ஒரே எஞ்சின் இரு குரலிற் பாடும் என்க. கேட்டால் மனம் பறிபோகும். என் மனமும் சற்றுப் பறிபோயிற்று. ஆனால் அந்த இரண்டாவது குரலைக் கேட்பது எங்கே? ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் விதித்த எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். இரண்டாங் கியரில் அக்குரல் எழத் தொடங்குமிடத்திலேயே ஏறக்குறைய அவ்வெல்லை வந்துவிடும். மேலும் இவ்வகைச் சிவிக்குகளின் எஞ்சினிலுள்ளது ரைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். எப்போது மாற்றப்பட்டதென்று விற்பவர் சான்று காட்டாவிடின், வாங்கிய அன்றே மாற்றுஞ் செலவையும் விலையோடு சேர்த்தெண்ண வேண்டும்.

சுவிப்ட், யப்பானில் 2004இன் இறுதியில் புத்துருவிற் பிறந்தது. அதன் 1.3, 1.5 லீற்றர் வகைகளும், 2005இல் வந்த 1586 கன சென்ரிமீற்றர், 125 பரிவலுவுடைய ஸ்போர்ட் வகையும் சங்கிலியால் இயங்குவன; பெல்ட் அச்சமில்லை. நிறை ஒரு தொன்னளவு. சில்லுகள் மூலைகளில் நிற்கின்றன. இசிகோனிஸ் கண்டால் மகிழ்வார். எண்ணிக்கையில் மிகுதியாக ஓடுதலின் பாகங்கள் எளிதிற் கிடைக்கும். மன்னாரிலும் அதை அவிழ்த்துப் பூட்டத் தெரிந்தவர் உளர். ஸ்போர்ட் வகை கிட்டாவிடினும், நல்ல நிலையிலுள்ள கைக்கியர் 1.3, களைத்துப்போன 160 பரிவலுச் சிவிக்கைவிட மகிழ்ச்சி தரும் என்பது என் துணிபு. மெல்ல ஓடும் வண்டியை முழுத்திறனும் தோன்ற ஓட்டுதல் இன்பம். பெருந்திறனுடையதை எப்போதும் கடிவாளம் பிடித்து ஓட்டுதல் எரிச்சல். அன்னையார் பின்னாசனத்தில் ஏறவேண்டியவர் என்பதும் மறக்கற்பாலதன்று. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி நோயாளிக்கு ஆகாது.

எந்த வண்டியாயினும், எங்கள் தீவில் அதன் முதற் பகை உப்பு. பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் நின்றாலே காற்றில் உப்பு நாவில் தட்டும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். ஈரம் நிற்குமிடத்தில் இரும்பு உண்ணப்படும். கதவின் கீழ்விளிம்பு, சில்லின் மேல்வளைவு, பின்பெட்டியில் மேலதிகச் சில்லு கிடக்கும் குழி, கால்விரிப்பின் அடித்தகடு ஆகிய நான்கையும் விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். பூச்சு புதிதாய் மின்னுமிடத்தில் ஒரு சிறு காந்தத்தை வைக்கலாம். தகட்டுக்கு மேல் பசையை அப்பித் தேய்த்திருந்தால் காந்தம் ஒட்டாது நழுவும். இடைச்செருகலை அறிய இதனினும் எளிய கருவி சுவடி ஆய்வாளர்க்கு வாய்த்ததில்லை. கொழும்பிலிருந்து வந்த வண்டிக்கு இந்நோய் இல்லையென்று நினைத்தலும் தவறு. யப்பானின் வடபகுதியிற் பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவர். சில வண்டிகள் கப்பலேறுமுன்னரே உப்பைத் தின்றவை. வாங்கியபின் வாரமொருமுறை அடிப்பக்கத்தை நன்னீராற் கழுவுக. உவர்க்கிணற்று நீராற் கழுவுவது நோய்க்கு நோயை மருந்தாக்குவதாம்.

அடுத்தது வண்டியின் பதிவுப் புத்தகம். விரைவு வண்டிகளில் எஞ்சினை மாற்றிப் பூட்டும் வழக்கம் மிகுதி, 1.3க்குப் பதிலாக 1.6 அமர்ந்திருக்கும். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் உலோகத்தில் நேரிற் படித்துப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் முற்பணம் கொடுத்தலாகாது. என் மாணாக்கர் முதலிற் பார்த்த சிவிக் இதிலேதான் வழுக்கி வீழ்ந்தது: எஞ்சின் ஒன்று, புத்தகம் கூறியது மற்றொன்று. விற்பவர், "அது சின்ன வேலை, தம்பி, பிறகு பார்க்கலாம்" என்றாராம். சின்ன வேலையாயின் விற்குமுன் அவரே செய்திருக்கலாமன்றோ? லீசிங் கடன் தீராவிடின் கடன்கொடுத்த நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் நிற்கும். பெயர் மாற்றாது, ஒப்பமிட்ட வெறும் படிவங்களோடு மூன்று நான்கு கைமாறிய வண்டியும் உண்டு. அதன் உண்மை உரிமையாளரைத் தேடிக் காண்பது அரிது. யப்பானிய ஏலத்தாளின் பிரதி கிடைத்தால், தரத்தைக் குறிக்கும் கட்டத்தில் ஆங்கில 'ஆர்' எழுத்து இருக்கின்றதா என்று பார்க்க. விபத்துற்றுத் திருத்தப்பட்டது என்பது அதன் பொருள். மீற்றர் நாற்பதாயிரம் காட்ட, பிரேக் மிதியின் றப்பர் வழவழத்துக் கிடந்தால், மீற்றரை நம்பாது மிதியை நம்புக.

பழுதுபார்க்கும் எளிமைக்கு ஒரு சான்று எம்மவர் வரலாற்றிலேயே உண்டு. 1990களிற் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அற்றபோது, யாழ்ப்பாணத்தார் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். காபரேற்றரிற் சில துளி பெற்றோலை வார்த்துக் கிளப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கண்ணைக் கரிக்கும். நோயாளியோ வைத்தியசாலை சேர்வார். இன்றைய எஞ்சின்கள் கணினியால் எரிபொருளை அளந்து தெளிப்பன. அவ்வித்தை அவற்றிடம் பலியாது. 2022இல், வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றரெனக் கியூஆர் முறையிற் பங்கிட்ட நாட்களில், குறைவாகக் குடிக்கும் எஞ்சினின் அருமையை அனைவரும் உணர்ந்தனர்.

புகைக்குழாயைப் பற்றி இடையில் ஒன்று. இளைஞர் பலர் சைலன்சரை வெட்டி ஊரைக் கூட்டும் ஓசை எழுப்புகின்றனர். அகநானூற்றின் நான்காம் பாட்டிலே தலைவன் தேரேறி வருகின்றான். தாதுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். அவன் தேரும் விரைந்தே வந்தது. இதனை வகுப்பிற் கற்பித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. சிரித்தவனின் மோட்டார் சைக்கிளை நான் அறிவேன்.

விரைவென்றாற் பிரேக்கை முதலிற் சொல்லியிருத்தல் வேண்டும். வேகம் இருமடங்கானால் வண்டி நிற்பதற்குத் தேவையான தூரம் நான்மடங்காகும். இது எந்த உற்பத்தியாளராலும் மாற்றவொண்ணாக் கணக்கு. மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றரளவு. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் வீதி நேரானது. நேரான வீதியே காலை ஆழ அழுத்தச் சொல்லும். இரவில் மாடுகளும், தீவுக்குள் கழுதைகளும் விளக்கின்றி நடுவீதியில் நிற்கும். பெருநிலப் பாதையிற் பக்கக்காற்று இலேசான வண்டியை ஒருபுறம் தள்ளும். ஆதலின் விலைபேசுமுன் வெறும் வீதியொன்றில் அறுபதில் ஓட்டிப் பிரேக்கை உறுதியாக மிதித்துப் பார்க்க. வண்டி ஒருபக்கம் இழுத்தாற் காரணம் காணும்வரை பணப்பையைத் திறவற்க.

கையிலுள்ள முதல் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுதல் பலர் செய்வது. ஐந்திலொரு பங்கை ஒதுக்கிவைக்கும்படி மாணாக்கரிடம் கூறினேன். எண்ணெய்கள், பிரேக் பட்டைகள், பற்றரி, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியன முதல் மாதத்திலேயே வரிசையில் வந்து நிற்கும். டயருக்குத் தனியாக எடுத்து வைத்தல் வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் பிறந்த டயர். பள்ளங்கள் ஆழமாய்த் தோன்றினும் எங்கள் வெயிலில் அத்துணை முதிர்ந்த றப்பர் இறுகி வெடித்திருக்கும். நான்கையும் புதிதாக மாற்றும் தொகையை விலையிற் கழித்துக் கேட்கலாம்.