நெட் வரவில்லையா? மோடத்தை மாற்றுமுன் கொஞ்சம் பொறுங்கள்



ஒரு காலத்தில் தோட்டத்தில் டெலிபோன் என்றால் ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடிய பிறகு நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறி, சிக்னல் தேடி, போனில் பாடம் படித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்றிலிருந்து பல வீடுகளில் கடன்பட்டாவது ஒரு இன்டர்நெட் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெட்டி மக்கர் பண்ணினால் உடனே கடைக்கு ஓடுகிறோம். "பெட்டி போயிருச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். நாமும் வாங்கிவிடுகிறோம். இதில் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். நீங்களும் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

வாவிக்கரையில் நடந்தது

எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி தோட்டத்திலிருந்து மட்டக்களப்புக்குப் படிக்கப் போனவள். கல்லடியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கல்லடி, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர். எந்தப் பக்கமிருந்து காத்து அடித்தாலும் உப்புக் காத்துத்தான். 2021 ஒக்டோபரில் நாங்கள் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். அப்போது வகுப்பெல்லாம் நெட்டில்தான்.

ஒருநாள் இடி மழை. மறுநாள் நெட் இல்லை. மோடத்தில் டி.எஸ்.எல். என்ற விளக்கு நிற்காமல் மினுங்கியது. "மாமா, வெள்ளிக்கிழமை பரீட்சை இருக்கு, என்ன செய்யுறது?" என்று பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கடையில் கேட்டோம். மோடம் பழுது என்றார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது வாங்கினோம். அந்த வருஷம் மார்ச்சில்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அப்படியென்றால் ஆறு நாள் பேர் அந்தப் பெட்டிக்குப் போனது. அவளுடைய அம்மா ஆறு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த காசு.

புதுப் பெட்டியை மாட்டினோம். அதே விளக்கு அதே மாதிரி மினுங்கியது!

வீட்டுக்கார அம்மா அப்போதுதான் சொன்னார்: "தம்பி, ஒவ்வொரு மழைக்குப் பொறகும் இந்தக் கரைச்சல்தான். போனிலயும் கரகரவெண்டு சத்தம் கேக்குது." முறைப்பாடு கொடுத்தோம். மூன்றாம் நாள் லைன் பார்ப்பவர் வந்தார். வெளிச்சுவரில் வயர் இணையும் சின்னப் பெட்டியைத் திறந்தார். செப்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. அந்த முனையை வெட்டிப் புதிதாக இணைத்தார். ஐந்து நிமிஷ வேலை. பழைய மோடமும் நன்றாக வேலை செய்தது. பிள்ளை வெள்ளிக்கிழமை பரீட்சை எழுதினாள். ஆனால் புதுப் பெட்டி அலுமாரியில் கிடந்தது.

மோடம் என்ன வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரும் போனும் பேசுவது ஒரு பாஷை. டெலிபோன் கம்பியில் போவது வேறு பாஷை. இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றிச் சொல்வதுதான் மோடம். 1962ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெல் 103 என்ற மோடம் ஒரு செக்கனுக்கு 300 பிட் மட்டும் அனுப்பியது. 1990களின் கடைசியில் டெலிபோன் அழைப்பு வழியாக 56,000 பிட் வரை வந்தது. பிறகு வந்த ஏ.டி.எஸ்.எல். முறையில், அதே செப்புக் கம்பியில் 80 இலட்சம் பிட் வரை இறங்குகிறது.

இவ்வளவு வேகமும் மெல்லிய இரண்டு கம்பியை நம்பித்தான் இருக்கிறது. கம்பி இணைப்பில் களிம்பு பிடித்தாலும், ஈரம் இறங்கினாலும் மின்சைகை பலவீனமாகிவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூடவும் வேகம் குறையும். வாவிக்கரையில் உப்பு செய்கிற வேலையை நம்ம மலையில் பனியும் மழையும் செய்கின்றன. ஆகவே கல்லடிக் கதை நமக்கும் பொருந்தும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பவர் விளக்கே எரியாவிட்டால் முதலில் பிளக் பொயின்ட்டைப் பாருங்கள். அடுத்தது அடாப்டர். பெட்டியைவிட அடாப்டர்தான் சீக்கிரம் பழுதாகும். அதன் விலையும் குறைவு. ஆனால் கண்ட அடாப்டரையும் மாட்டக் கூடாது. பழையதில் 12 வோல்ட், 1 அம்பியர் என்று இருந்தால் புதியதும் 12 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். அம்பியர் அதற்குக் குறையக் கூடாது. முனையும் பொருந்த வேண்டும்.

2. டெலிபோன் லைன் என்றால் ரிசீவரைத் தூக்கிக் கேளுங்கள். கரகர சத்தம் வந்தால் குற்றம் லைனில். பில்லில் உள்ள எண்ணுக்கு முறைப்பாடு செய்யுங்கள். சத்தம் இல்லை என்பதற்காக லைன் சரி என்றும் முடிவுகட்ட வேண்டாம். வீட்டுக்குள் லைன் வந்து சேரும் முதல் பொயின்ட்டில் மோடத்தை நேரே மாட்டிப் பாருங்கள். அங்கே விளக்கு நிலையாக எரிந்தால், உள்ளே இழுத்த வயரோ நடுவில் உள்ள ஃபில்டரோதான் பழுது.

3. விளக்கெல்லாம் சரி, ஆனால் போனில் மட்டும் நெட் விட்டுவிட்டு வருகிறதா? பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் நன்றாக வந்தால் பெட்டி பழுதில்லை, வைத்த இடம் சரியில்லை. அலுமாரிக்குள்ளும் தகரத்துக்குப் பின்னாலும் வைக்காதீர்கள்.

4. சிம் போடுகிற பெட்டி என்றால் டேட்டா முடிந்ததா என்று முதலில் பாருங்கள். பிறகு டவர் பக்கமுள்ள ஜன்னலோரம், உயரமாக வைத்துப் பாருங்கள். ராத்திரி மட்டும் மெதுவாகி விடியற்காலையில் வேகமாக வந்தால் டவரில் ஆள் கூட்டம் என்று அர்த்தம். அதற்குப் புதுப் பெட்டி வாங்கிப் பிரயோசனமில்லை.

5. ஃபைபர் லைனில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை. கண்ணாடி நார் உடைந்தோ மடிந்தோ இருக்கலாம். அதைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

6. கடைசிச் சோதனைதான் முக்கியம். அதே மாதிரி லைன் உள்ள அயல் வீட்டில் உங்கள் மோடத்தை ஐந்து நிமிஷம் மாட்டிப் பாருங்கள். அங்கே டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரிந்தால் உங்கள் மோடம் நல்லது. அங்கேயும் மினுங்கினால்தான் மோடத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஃபைபர் பெட்டியை இப்படி மாற்றிப் பார்க்க முடியாது. அது உங்கள் லைனுக்கென்றே கம்பெனியில் பதிந்தது.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

உங்கள் லைன் எந்த வகை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். செப்புக் கம்பி மோடம் ஃபைபருக்கு ஆகாது. ஒரு கம்பெனிக்கென்று பூட்டிய சிம் பெட்டி இன்னொரு கம்பெனி சிம்மை எடுக்காது. பல இடங்களில் செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போடுகிறார்கள். உங்கள் பக்கமும் வரப்போகிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். லைனின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் செப்புக் கம்பி லைனில் புது மோடம் மாட்டினாலும் நெட் வராது. கடையில் ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய பெட்டியை அடுப்பில் போட வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

பெட்டி நீடிக்க ஒரே வழி, இடி முழங்க ஆரம்பிக்கும் முன்பே கரண்ட் பிளக், டெலிபோன் வயர் இரண்டையும் கழற்றுவதுதான். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றதன் வழியாக மின்னல் வரும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரில் கை வைக்காதீர்கள்.

கல்லடிக் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. 2022 ஏப்ரலில், மின்வெட்டுக் காலத்தில், இன்னொரு இடி மழை. இந்த முறை மோடத்தில் ஒரு விளக்கும் இல்லை. பிள்ளை பதறவில்லை. அயல் வீட்டிலிருந்து அதே 12 வோல்ட் அடாப்டரை வாங்கி மாட்டினாள். எரியவில்லை. டெலிபோனைக் கேட்டாள். சுத்தமான சத்தம். அதன் பிறகுதான் அலுமாரியில் கிடந்த புதுப் பெட்டியை எடுத்து மாட்டினாள். விளக்கு நிலையாக எரிந்தது. "மாமா, இப்பதான் மோடம் உண்மையாவே செத்திருக்கு" என்று போனில் சிரித்தாள்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். பிள்ளை படிப்புக்காகச் செலவழிக்க நாம் தயங்குவதில்லை. அந்தச் செலவு சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை வெட்டி மோடம் இருக்கிற சுவரில் ஒட்டி வையுங்கள்.