உங்களுக்குத் தெரியுமா?

மக்களவையில் காலை 11 மணி என்றால் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு மட்டுமே ‘நட்சத்திர’ அந்தஸ்து. கேள்விக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்டு மடக்கவும் செய்யலாம். குறி இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். கேட்பவர்கள் ஏராளம், இடம் 20 என்பதால் யாருக்கு வாய்ப்பு என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. அதிலும் பட்டியலின் வால் பகுதியில் பெயர் வந்தால், முறை வருவதற்குள் மணி பன்னிரண்டு அடித்துவிடும்! நட்சத்திரக் கேள்விப் பட்டியலை அச்சிடும் தாள் பச்சை, மற்றதற்கு வெள்ளை.

12 மணிக்குத் தொடங்குவது, உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம். செய்திகளில் தினமும் அடிபடும் இந்தப் பெயரை அவை விதிப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அறுபதுகளில் பழக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவை நடக்க மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் இருந்தாக வேண்டும்: 543-க்கு 55. குறைந்தால் மணி ஒலிக்கும். வராந்தாவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் உள்ளே ஓடி வருவார்கள். ஆனால் ஆள் குறைவு என்று யாராவது எழுந்து சொன்னால்தான் பெரும்பாலும் இந்த மணியே. யாரும் சொல்லாவிட்டால், காலி இருக்கைகளின் நடுவே விவாதம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.